நாணயமும் எச்சரிக்கையும்: மறையீட்டு நாணய மோசடி குறித்த இணையவழி விழிப்புணர்வுப் பனுவல்களின் எல்லைகள்

அறிவுறுத்தல் தமிழ் இலக்கிய மரபில் நெடிய வரலாறுடையது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் பதினொன்று அறம் உரைப்பனவாக அமைந்திருப்பதே இதற்குப் போதிய சான்றாகும். இன்று அதே பணியை, அதாவது தீங்கினைச் சுட்டி விலக்கும் பணியை, வங்கிகளும் ஒழுங்குமுறை ஆணையங்களும் காவல்துறையும் இணையவழி வெளியிடும் சிறு பனுவல்கள் ஏற்றுள்ளன. இவை இலக்கியத் தகுதி கோருபவை அல்ல. எனினும் சொல்லால் ஆனவை. ஒரு வாசகரைக் கருதி எழுதப்பட்டவை. அவ்வாசகரின் செயலை மாற்றும் நோக்குடையவை. ஆகவே பனுவல் ஆய்வுக்கு உரியவை எனக் கொள்வதில் தவறில்லை. மறையீட்டு நாணயம் எனத் தமிழில் வழங்கும் கிரிப்டோகரன்சி தொடர்பான மோசடிகளை விளக்கும் பனுவல்களின் மொழி எவ்வளவு தூரம் பயன் தருகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஓர் உரையாடல். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தம் சேமிப்பின் பெரும்பகுதியை இத்தகைய மோசடி ஒன்றில் இழந்தவர், கட்டுரையாளரிடம் பேசுகையில் தாம் விழிப்புணர்வுக் குறிப்புகள் பலவற்றைப் படித்திருந்ததாகவே கூறினார். படித்தும் எவ்வாறு ஏமாந்தீர்கள் என்ற வினாவிற்கு அவர் தந்த விடை: “படித்திருந்ததனால்தான் ஐயா, இது அந்த வகை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.” இவ்விடையை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

பெயரும் பொருளும்

முதலில் கருதத்தக்கது பெயர். ‘நாணயம்’ என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ‘நாணயமான மனிதர்’ என்றால் சொன்ன சொல் தவறாதவர். ‘நாணயம் கெட்டவன்’ என்பது கடும் வசை. ஆங்கிலத்தில் ‘கரன்சி’ என்னும் சொல்லுக்குப் புழங்குவது என்னும் பொருளே அடிப்படை; நேர்மை என்னும் பொருள் அதில் இல்லை. எனவே ‘மறையீட்டு நாணயம்’, ‘மெய்நிகர் நாணயம்’, ‘எண்ம நாணயம்’, ‘டிஜிட்டல் நாணயம்’ என எவ்வாறு மொழிபெயர்த்தாலும், மூலத்தில் இல்லாத ஒரு நம்பகத்தன்மையைத் தமிழ்ச் சொல் தானாகவே ஏற்றிவிடுகிறது. எச்சரிக்கும் பனுவல் தன் முதற் சொல்லிலேயே தான் எச்சரிக்கும் பொருளுக்குச் சான்று வழங்கிவிடுகிறது எனலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலும், 2017 பிப்ரவரியிலும், மீண்டும் அவ்வாண்டு டிசம்பரிலும் வெளியிட்ட எச்சரிக்கைகளில் ‘மெய்நிகர் நாணயங்கள்’ என்றே குறித்தது. ஆனால் 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ‘நாணயம்’ என்னும் சொல்லைத் தவிர்த்து ‘மெய்நிகர் எண்மச் சொத்து’ என்னும் பொருள்படும் தொடரைக் கையாண்டது. இச்சொல் மாற்றத்தில் ஒரு கொள்கை உள்ளது: இவை பணம் அல்ல என்பது. தமிழ் நாளிதழ்களிலும் விழிப்புணர்வுக் குறிப்புகளிலும் இவ்வேறுபாடு பெரும்பாலும் பதிவாகவில்லை. ‘நாணயம்’ அவற்றில் தொடர்கிறது.

இக்குழப்பம் 2022 டிசம்பரில் மேலும் சிக்கலாயிற்று. ரிசர்வ் வங்கி தானே வெளியிடும் டிஜிட்டல் ரூபாயின் சில்லறைப் பயன்பாட்டு முன்னோட்டம் அம்மாதம் முதல் நாளில் தொடங்கியது. அரசின் முழுப் பொறுப்பில் உள்ள ஒன்றும், எவர் பொறுப்பிலும் இல்லாத ஒன்றும் தமிழில் ‘டிஜிட்டல் நாணயம்’ என்னும் ஒரே பெயரைப் பெற்றன. “ரிசர்வ் வங்கியே டிஜிட்டல் நாணயம் வெளியிட்டுவிட்டது” என்னும் தொடர் உண்மை. அதை வைத்து வேறொன்றை விற்பது மோசடி. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய கலைச்சொல் வாசகர் கையில் இல்லாதபோது, எத்தனை பக்கம் விளக்கினாலும் பயன் குறைவே. கலைச்சொல்லாக்கத்தில் நூற்றாண்டு அனுபவமுடைய தமிழ்ப் புலமையுலகம் இதில் தலையிடாதிருப்பது வியப்பிற்குரியது.

எதிர்மறை ஏவலின் எல்லை

ரிசர்வ் வங்கி 2022இல் நிதி மோசடிகளின் செயல்முறைகளைத் தொகுத்து ஒரு கையேட்டை இணையத்தில் வெளியிட்டது. ‘எச்சரிக்கையாயிரு’, ‘அறிந்திரு’ என்னும் இரண்டு ஏவல்களை ஒரே ஆங்கிலச் சொல்லில் அடக்கிய தலைப்பு அதற்கு. அதே காலத்தில் வங்கிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒன்று ‘ராஜூவும் நாற்பது திருடர்களும்’ என்னும் பொருளில் தலைப்பிட்ட படக்கதைத் தொகுப்பை வெளியிட்டது. அலிபாபா கதையை நினைவூட்டும் பெயர். முன்னது மோசடி எவ்வாறு நிகழ்கிறது, காத்துக்கொள்வது எவ்வாறு என இரு பகுதிகளாக ஒவ்வொரு வகையையும் அடைக்கிறது. பின்னது ஒரு சிறு நிகழ்வும், அதன் கீழ்ச் செய்யத்தக்கவை, தகாதவை என்னும் குறிப்பும் கொண்ட அமைப்புடையது. இரண்டும் நல்ல நோக்குடையவை, எளிமையானவை. கடவுச்சொல்லைப் பறிப்பது, போலி இணைப்பை அனுப்புவது, விரைவுத் துலங்கல் குறியை வருடச் செய்து பணம் எடுப்பது போன்றவற்றிற்கு இவை பெரிதும் பொருந்துகின்றன.

பொருந்துவதற்குக் காரணம் இலக்கணத்தில் உள்ளது. இப்பனுவல்களின் ஆதார வினைவடிவம் எதிர்மறை ஏவல்: பகிராதீர்கள், சொடுக்காதீர்கள், சொல்லாதீர்கள். எதிர்மறை ஏவலுக்குத் தெளிவான ஒரு செயல் வேண்டும். அச்செயல் நிகழும் கணம் வாசகருக்குப் புலப்பட வேண்டும். ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்டு அழைப்பு வரும்போது அக்கணம் புலப்படுகிறது. ‘சொல்லாதீர்கள்’ என்பது அப்போது நினைவிற்கு வந்து காக்கிறது.

மறையீட்டு நாணய முதலீட்டு மோசடியில் அத்தகைய கணமே இல்லை. எவரும் கடவெண்ணைக் கேட்பதில்லை. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில், ஒரு நட்பு வளர்கிறது. முதலீடு பற்றிய பேச்சு தற்செயலாக எழுவது போல எழுகிறது. வாசகர் தாமே தம் வங்கிக் கணக்கிலிருந்து, தம் விருப்பப்படி, தம் கடவெண்ணைத் தாமே இட்டுப் பணம் அனுப்புகிறார். தொடக்கத்தில் சிறு தொகை திரும்பவும் கிடைக்கிறது. ‘பகிராதீர்கள்’ என்னும் ஏவல் எதைத் தடுக்கும்? எஞ்சுவது ‘நம்பாதீர்கள்’ ஒன்றே. அதுவோ செயலைச் சுட்டும் ஏவல் அன்று. ஒரு மனநிலையைச் சுட்டுவது. நம்பத் தொடங்கிய நாள் எது என்று எவராலும் சொல்ல இயலாது.

எச்சரிக்கைக் குறிகளின் பட்டியல்களிலும் இதையொத்த குறை உண்டு. ‘உறுதியான லாபம் தருவதாகச் சொன்னால் ஐயுறுக’ என்பது எல்லாப் பட்டியல்களிலும் முதலிடம் பெறுவது. இது எங்கிருந்து வந்தது? இந்தியாவில் ‘கெயின்பிட்காயின்’ திட்டம் மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதங்கள் ஆதாயம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டியது. அதனை நிறுவிய அமித் பரத்வாஜ் 2018இல் கைதானார். உலகளவில் பரவிய ‘பிட்கனெக்ட்’ 2018 ஜனவரியில் சரிந்தது. அதுவும் உயர் ஆதாயம் காட்டியே வளர்ந்தது. அவற்றிலிருந்து கற்ற பாடம் அக்குறி. பின்வந்த போலி வணிகத் தளங்கள் வாக்குறுதி தருவதைப் பெருமளவு விட்டுவிட்டன. விலை ஏறி இறங்குவதைத் திரையில் காட்டி, இடையே சிறு நட்டத்தையும் காட்டுகின்றன. “சந்தை என்றால் நட்டமும் வரும்” என்று எச்சரிக்கவும் செய்கின்றன. பட்டியலைப் படித்தவர்க்கு அது நேர்மையின் அடையாளமாகவே தோன்றும். ஆக, எச்சரிக்கைக் குறிப் பட்டியல் என்பது முந்தைய மோசடிகளின் வரலாறு. அதை வருங்காலத்திற்கான இலக்கணமாகப் படிக்கச் சொல்வதிலேதான் இடர் உள்ளது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்பர்; மோசடிக்காரர் அவ்விலக்கணத்தையும் படித்துவிட்டு எழுதுபவர்.

பாடமே பொறியாதல்

கல்வி நிலையிலான தகவலுக்கு இன்னும் ஆழமான ஓர் எல்லை உண்டு. அதனை விளக்க ‘ஒன்காயின்’ வழக்கினைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும்.

2014இல் பல்கேரியாவைத் தளமாகக் கொண்டு ரூஜா இக்னதோவா என்னும் பெண்மணி இதனைத் தொடங்கினார். 2016 ஜூனில் இலண்டனின் வெம்பிளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன் தோன்றி, பிட்காயினை வெல்லப்போவது தம் நாணயமே என முழங்கினார். 2017 ஏப்ரலில் நவி மும்பையில் இதற்கு ஆள் சேர்க்கும் கூட்டமொன்றில் காவல்துறை பலரைக் கைது செய்தது. அவ்வாண்டு அக்டோபரில் இக்னதோவா மறைந்தார். 2022 ஜூனில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனம் தான் மிகவும் தேடும் பத்துப் பேரின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. இணை நிறுவனர் கார்ல் கிரீன்வுட் 2023 செப்டம்பரில் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். உலகெங்கும் மக்கள் இழந்தது 400 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்படுகிறது. அடிப்படையில் இருந்திருக்க வேண்டிய பொதுப் பேரேட்டுத் தொடர் அங்கு இருக்கவே இல்லை.

இவ்வழக்கில் நமக்குரிய செய்தி வேறு. ஒன்காயின் முறைப்படி விற்றது நாணயத்தை அன்று, ‘கல்வித் தொகுப்புகளை’. நூறு யூரோ அளவில் தொடங்கிப் பல்லாயிரம் யூரோ வரை விலையுள்ள பாடங்கள். பாடத்தை வாங்கினால் வில்லைகள் இலவசம்; வில்லைகளை நாணயமாக மாற்றிக்கொள்ளலாம். மறையீட்டு நாணயம் என்றால் என்ன, முதலீடு செய்வது எவ்வாறு, இடர்களைத் தவிர்ப்பது எவ்வாறு என்பன பாடப் பொருள்கள். அதாவது விழிப்புணர்வுப் பனுவல்கள் எவற்றைக் கற்பிக்கின்றனவோ, ஏறத்தாழ அவற்றையே மோசடியும் கற்பித்தது. பொதுமக்களின் அறியாமையை அது பயன்படுத்தியது என்று மட்டும் கூறுவது போதாது. அறிந்துகொள்ள வேண்டும் என்னும் அவர்களின் ஆர்வத்தையே அது மூலதனமாக்கியது.

இதனை ஒரு பனுவலியல் சிக்கலாகவே காண வேண்டும். நேர்மையான விளக்கப் பனுவலும் மோசடிப் பனுவலும் ஒரே வகைமையைச் சேர்ந்தவை. கலைச்சொல் விளக்கம், வினா விடை, படிப்படியான வழிகாட்டல், இடர் அறிவிப்பு, வல்லுநர் குரல் என ஒன்றில் காணும் உறுப்புகள் அனைத்தும் மற்றொன்றிலும் காணக் கிடக்கின்றன. வகைமையின் புறக்கூறுகளைக் கொண்டு மெய் எது, போலி எது எனப் பிரிக்க இயலாது. பணத்தை இழந்தோர் மீட்பு வழி தேடும்போது எதிர்ப்படும் ‘மீட்பு நிறுவனங்கள்’ இதன் அடுத்த வடிவம். அவை மோசடிகளைப் பற்றி நன்கு எழுதப்பட்ட விளக்கங்களை முன்வைத்தே இரண்டாம் முறை பணம் பறிக்கின்றன. கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனம் 2023இல் இதனைத் தனியே சுட்டி எச்சரிக்க நேர்ந்தது.

இவ்வகைமை ஒற்றுமையை உணர்ந்து எழுதப்பட்ட கல்விப் பனுவல் ஒன்றேனும் உண்டா? ஒன்று உண்டு. அமெரிக்கப் பங்குப் பத்திர, பரிவர்த்தனை ஆணையம் 2018 மே மாதம் ‘ஹோவிகாயின்’ என்னும் பெயரில் போலி நாணயத் தளம் ஒன்றைத் தானே உருவாக்கியது. உல்லாசப் பயணத்தை மையமாகக் கொண்ட கவர்ச்சியான விளம்பரம், தொழில்நுட்ப வெள்ளையறிக்கை, பெயர் பெற்றோரின் பரிந்துரை, முந்துவோர்க்குத் தள்ளுபடி எனக் குறைவில்லாத போலி. வாங்குவதற்கான பொத்தானை அழுத்தினால் ஆணையத்தின் அறிவுரைப் பக்கம் திறக்கும். முதலீட்டு ஒப்பந்தம் எது என வரையறுத்த 1946ஆம் ஆண்டின் ஹோவி வழக்கிலிருந்து பெயர் எடுத்தது அலுவலக நகைச்சுவை. அதைப் புரிந்துகொள்வோர் ஏமாறப் போவதில்லை என்பது வேறு செய்தி. ஆயினும் இப்பனுவல் ஒன்றைச் சரியாகக் கண்டது. வாசகர் தாம் நம்பிய கணத்தைத் தாமே காணச் செய்கிறது. ‘நம்பாதீர்கள்’ என்று சொல்லாமல், ‘இப்போது நம்பினீர்கள்’ என்று காட்டுகிறது. கட்டுரையாளர் பார்த்த அளவில் இத்துறையின் பனுவல்களுள் உண்மையான கற்பனை உழைத்தது இதில்தான். அதன் எல்லையும் வெளிப்படை. அது போலி என்னும் செய்தியே செய்தியாகப் பரவியதால், தேடி வந்தோர் பலர் முன்னரே அறிந்து வந்தவர்கள். அது பகடி செய்த வடிவமும் 2018இன் வடிவம்.

பேராசை என்னும் விளக்கம்

‘பேராசை பெருநட்டம்’ என்னும் பழமொழி தமிழ் விழிப்புணர்வுக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறுவது. வசதியான மொழி, அளவான எழுத்து. ஆனால் அது இழந்தவரைக் குற்றவாளியாக்குகிறது. குற்றவாளியாக்கப்பட்டவர் முறையிட வருவதில்லை. முறையிடாதபோது அடுத்தவரைக் காக்கும் செய்தியும் கிடைப்பதில்லை. 1930 என்னும் தேசிய உதவி எண்ணை விரைந்து அழைத்தால் வங்கிக் கணக்கில் எஞ்சியுள்ள பணத்தை முடக்க வழியுண்டு. நாணமே அந்த விரைவைக் கெடுக்கிறது. மறையீட்டு நாணயமாக மாறிப் பிறர் பணப்பைக்குச் சென்றுவிட்ட தொகையைத் திருப்பப் பொது வங்கியைப் போன்ற இடையீட்டாளர் எவரும் இல்லை என்பதால் இத்தாமதம் மேலும் கொடியது.

பெயரிடலின் இத்தீங்கினைப் பன்னாட்டுக் காவல் அமைப்பான இன்டர்போல் உணர்ந்தது. சீன மொழி வழக்கிலிருந்து வந்து ஆங்கிலத்தில் நிலைபெற்ற ‘பன்றி அறுப்பு’ என்னும் பெயரை இனிக் கையாள வேண்டாம் என்றும், அது இழந்தவரை இழிவுபடுத்தி முறையிடத் தயங்கச் செய்கிறது என்றும் 2024 டிசம்பரில் அது கேட்டுக்கொண்டது. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. அமையும்போது இந்தப் பன்றியை நாம் இறக்குமதி செய்யாதிருப்பது நன்று.

பேராசை விளக்கம் மறைக்கும் மற்றொன்று எதிர்முனையில் இருப்பவர் யார் என்பது. ‘நாற்பது திருடர்கள்’ என்னும் உருவகத்தில் திருடன் தனி மனிதன், தந்திரசாலி. மியான்மரிலும் கம்போடியாவிலும் இயங்கிய மோசடி வளாகங்களில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வலிந்து இப்பணியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்கிட்டது. வேலை என்று நம்பிச் சென்று அங்கே சிக்கிய தமிழக இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்டுக் கொணரப்பட்டனர். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர் விமானப் படை விமானங்களில் திரும்பினர். தமிழ் அறிந்த ஒருவரிடம் தமிழில் இனிமையாகப் பேசியவர், அடிக்கு அஞ்சிப் பேசியவராகவும் இருக்கலாம். முதலீட்டு மோசடி பற்றிய குறிப்பும் வெளிநாட்டு வேலை மோசடி பற்றிய குறிப்பும் வெவ்வேறு பக்கங்களில், வெவ்வேறு துறைகளால், ஒன்றை ஒன்று அறியாமல் எழுதப்படுகின்றன.

யார் தேர்வது?

‘பதிவு பெற்ற நிறுவனமா எனச் சரிபார்க்க’ என்பது பட்டியல்களின் மற்றோர் ஏவல். திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம் இங்கு நினைவிற்கு வருவது இயல்பு. மேடைகளில் இப்பொருளுக்கு அதனை மேற்கோள் காட்டுவோரும் உளர். ஆனால் அவ்வதிகாரம் பொருட்பாலில், அரசியலில் அமைந்தது. தேர்பவன் அரசன், தேரப்படுபவன் அவனிடம் பணி நாடி வருபவன். ஆராய்வதற்குக் காலமும், ஒற்றரும், தவறினால் நீக்கும் அதிகாரமும் அரசனுக்கு உண்டு. இன்றைய சிறு முதலீட்டாளரிடம் அரசனின் கடமையை ஒப்படைத்துவிட்டு அரசனின் கருவிகளை ஒப்படைக்க மறக்கிறோம். தெளிந்த பின் ஐயுறுதலும் துன்பம் தரும் என்னும் கருத்தும் அவ்வதிகாரத்தில் உண்டு என்பதை மேற்கோள் காட்டுவோர் கவனிப்பதில்லை.

அரசின் நிலைப்பாடும் வாசகருக்கு எளிதில் விளங்கக்கூடியதாக இருந்ததில்லை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இவ்வணிகத்திற்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாதெனத் தடுத்தது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி. ஜூலை முதல் பரிமாற்றத்தில் 1 விழுக்காடு பிடித்தம். 2023 மார்ச்சில் இச்சேவை நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொணரப்பட்டன. அச்சட்டத்தின்படி பெறும் பதிவு, முதலீட்டாளரின் பணத்திற்குக் காப்புறுதி ஆகாது. வரி விதிப்பு அங்கீகாரம் ஆகாது என நிதியமைச்சர் 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையில் விளக்கியதும் உண்டு. இவ்வளவையும் ‘பதிவு பெற்றதா எனப் பார்க்க’ என்னும் நான்கு சொற்கள் தாங்குமா?

இதன் விளைவு ஒன்றைச் சுட்டலாம். போலித் தளங்கள் இறுதிக் கட்டத்தில், காட்டிய ஆதாயத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டுக என்கின்றன. ‘வரி கேட்டால் மோசடி’ என்கிறது பட்டியல். ஆனால் சட்டப்படியான பரிமாற்றத்திலும் நிறுவனம் வரிப் பிடித்தம் செய்கிறது. 30 விழுக்காடு என்னும் எண்ணும் உண்மையானதே. செய்தித்தாள் படிப்பவருக்கே அக்கோரிக்கை நம்பத்தக்கதாகத் தோன்றும். உண்மையான வரியில் பிடித்தம் போக மீதியே கையில் தரப்படும், முன்கூட்டிப் புதிய பணம் கேட்கப்படாது என்னும் ஒரு நுட்பமே வேறுபாடு. இதைத் தெளிவாகச் சொல்லும் தமிழ்க் குறிப்பைக் கட்டுரையாளர் தேடியவரை காணவில்லை.

கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனத்தின் அறிக்கைகளின்படி அமெரிக்காவில் மறையீட்டு நாணயம் தொடர்பான இழப்பு முறையீடுகள் 2023இல் 560 கோடி டாலரும் 2024இல் 930 கோடி டாலரும் ஆகும். இதைக்கொண்டு கல்விப் பனுவல்கள் தோற்றன என முடிவு கட்டுவது முறையன்று. அவை இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் அளக்கவில்லை. அந்நிறுவனம் 2024 ஜனவரியில் தொடங்கிய ஒரு முயற்சி இவ்விடத்தில் கருதத்தக்கது. பணப் பரிமாற்றத் தடங்களைக் கொண்டு, மோசடியில் சிக்கிக்கொண்டிருப்போரை அந்நிலையிலேயே கண்டறிந்து, அவர்களைத் தனித்தனியே தொடர்பு கொண்டு அறிவித்தனர். அவ்வாறு அழைக்கப்பட்டோருள் ஏறத்தாழ நான்கில் மூவர், தாம் ஏமாற்றப்படுவதை அந்த அழைப்பு வரை அறிந்திருக்கவில்லை. அனைவர்க்குமாக எழுதப்பட்டதைப் படிக்கும்போது அது நம்மைப் பற்றியது எனத் தோன்றுவதில்லை. பெயர் சொல்லி அழைக்கும்போதுதான் தோன்றுகிறது.

அதுவும் எப்போதும் அன்று. முன்னர்க் குறித்த ஆசிரியர், இறுதித் தவணையை அனுப்ப வங்கிக்குச் சென்றபோது அங்கிருந்த இளம் எழுத்தர், “ஐயா, இவ்வளவு பணம் யாருக்கு அனுப்புகிறீர்கள்?” என்று கேட்டதாகச் சொன்னார். வீட்டைப் பழுது பார்க்க என்று விடையளித்தாராம். நாற்பதாண்டுக் காலம் மாணவர்க்குப் பொய் கூறாமை கற்பித்தவர் ஏன் அவ்வாறு கூறினீர்கள் என்றேன். “வங்கியில் கேட்பார்கள், கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று முதல் நாளே அந்தப் பெண் எழுதியிருந்தாள். அவள் சொன்னபடியே கேட்டதும், அவள் மேல் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது” என்றார்.